கேம்பர் ஃபர்னஸ் சூடு தராதபோது: அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் முறை

கேம்பரில், அதாவது தங்கிப் பயணிக்கும் வண்டியில், அறையைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் தகராறு செய்யத் தொடங்கியதும் பலரும் முதலில் எரிவாயுவைச் சந்தேகப்படுகிறார்கள். சிலிண்டரில் வாயு இருப்பது உறுதியானதும் சர்க்யூட் போர்டைச் சந்தேகப்பட்டுப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் இவ்விரண்டின் மீதும் குற்றமில்லை. வலுவிழந்த பேட்டரி, அடைபட்ட காற்றுவழி, பொருந்தாத இடத்தில் மாட்டிய தெர்மோஸ்டாட் (அறையின் வெப்பநிலையைப் பார்த்து ஃபர்னஸை இயக்கி அணைக்கும் கருவி) ஆகியவைதான் சூடில்லாத இரவுக்கும் வீணாகும் வாயுவுக்கும் அடிக்கடி காரணமாகின்றன. ஃபர்னஸ் ஒரு குறிப்பிட்ட வரிசையில்தான் இயங்கும் என்பதால், அது எந்தக் கட்டம் வரை ஒழுங்காக வந்து எங்கே நின்றது என்பதைக் கவனித்தாலே தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பு காதைத் தீட்டிக்கொள்வது நல்லது.

ஒழுங்காக இயங்கும் ஃபர்னஸின் ஒலிகள்

தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் 12 வோல்ட் மின்சாரம் ஃபர்னஸுக்குச் சென்று முதலில் ப்ளோயரைச் சுழற்றுகிறது. ஒரே மோட்டாரின் தண்டில் இரண்டு விசிறிச் சக்கரங்கள் இருக்கும்: ஒன்று அறைக் காற்றை இழுத்து, தீயின் சூட்டை அந்தக் காற்றுக்கு மாற்றும் வெப்பப் பரிமாற்றியின் மேல் செலுத்தும், மற்றொன்று வெளிக்காற்றை எரியறைக்குள் தள்ளி, எரிந்த புகையை வண்டியின் பக்கச்சுவரில் உள்ள துளை வழியாக வெளியேற்றும். காற்றின் வேகம் போதுமான அளவை எட்டியதும், அந்தக் காற்றோட்டத்தில் நிற்கும் ஒரு மெல்லிய தகடு தள்ளப்பட்டுச் செயில் ஸ்விட்ச் மூடிக்கொள்ளும். இதே மின்பாதையில் லிமிட் ஸ்விட்ச் என்ற இன்னொரு காவலும் உண்டு. வெப்பப் பரிமாற்றி அளவுக்கு மீறிச் சூடானால் அது திறந்து தீயை அணைத்துவிடும். இரண்டும் மூடியிருந்தால்தான் போர்டு அடுத்த அடியை எடுக்கும். சுமார் 15 விநாடிகள் எரியறையைக் காற்றால் கழுவிய பிறகு, வால்வு திறக்கும் ‘டக்’ என்ற ஒலியும், கூடவே எலெக்ட்ரோடின் தீப்பொறி படபடவென அடிக்கும் ஒலியும், தீ பற்றியதும் ‘புஸ்’ என்ற தாழ்ந்த ஓசையும் கேட்க வேண்டும். சில விநாடிகளுக்குள் தீ உணரப்படாவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். பல மாடல்கள் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, மேலும் முயலாமல் பூட்டிக்கொள்ளும். தேவையான சூடு வந்தபின் தீ அணைந்தாலும், மீதமுள்ள வெப்பத்தை வெளியேற்ற ப்ளோயர் ஒன்று அல்லது இரண்டு நிமிடங்கள் தொடர்ந்து ஓடும்.

இந்த வரிசை மின்பொறியால் பற்றும் ஃபர்னஸ்களுக்கு உரியது. எப்போதும் எரியும் பைலட் சுடர் உள்ள பழைய மாடல்களில் பற்றவைக்கும் கட்டம் மட்டும் வேறுபடும். காற்று, மின்சாரம் பற்றி இங்கே சொல்பவை அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

சோதனைக்கே இறங்கக் கூடாத அறிகுறிகள்

அழுகிய முட்டை போன்ற நாற்றம் அடித்தால் சிலிண்டரை மூடி, எந்த ஸ்விட்சையும் தொடாமல், எல்லோரும் வெளியேறிக் கதவைத் திறந்துவிட வேண்டும். கேம்பர் சிலிண்டரில் வரும் புரொப்பேன் வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. அது தரைமட்டத்தில் தேங்கும் என்பதால், நிற்பவருக்கு நாற்றம் லேசாகத் தெரியும்போதே கீழே அதிகம் சேர்ந்திருக்கக்கூடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தாலோ, ஃபர்னஸ் ஓடும் நேரத்தில் மட்டும் தலைவலியும் குமட்டலும் வந்தாலோ, புகைத்துளையைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ, அந்த ஃபர்னஸை உரிய பயிற்சி பெற்றவர் பார்க்கும் வரை மறுபடி ஓட்டக் கூடாது. கரி என்பது எரிதல் முழுமையாக நடக்கவில்லை என்பதற்கான நேரடிச் சான்று. வெப்பப் பரிமாற்றியில் விரிசல் விழுந்திருந்தால் அதை ஒட்டவோ பூசவோ முயலக் கூடாது. மாற்றுவது ஒன்றே வழி.

பருவத்தின் முதல் முறை ஓட்டும்போது எழும் தூசு கருகிய வாடை இவற்றில் சேராது. ஜன்னல்களைத் திறந்து வைத்துச் சிறிது நேரம் ஓட்டினால் அது தானாக அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால்தான் கவலை.

தெர்மோஸ்டாட்டை உயர்த்தியும் எந்த ஒலியும் இல்லை

சில மாடல்களில் ப்ளோயர் தொடங்கவே அரை நிமிடம் வரை எடுக்கும் என்பதால், முதலில் ஒரு நிமிடமாவது காத்திருங்கள். பிறகு தெர்மோஸ்டாட் சூடாக்கும் நிலையில் இருக்கிறதா, அதற்குத் தனியாகப் பேட்டரி இருந்தால் அது தீர்ந்துவிட்டதா, 12 வோல்ட் பேனலில் ஃபர்னஸுக்கான ஃப்யூஸ் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மல்டிமீட்டரால் சோதிப்பது நல்லது. காலில் துரு ஏறிய ஃப்யூஸ் முழுதாகத் தோன்றினாலும் மின்சாரம் கடத்தாது. ஃபர்னஸின் உடலிலேயே ஒரு சிறிய ஸ்விட்ச் அல்லது சர்க்யூட் பிரேக்கர் இருக்கும் மாடல்கள் உண்டு. கீழ் அலமாரியில் பெட்டிகளைத் தள்ளும்போது அது தட்டுப்பட்டு அணைந்துபோவது அடிக்கடி நடப்பதுதான்.

இவை சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கலாம். ஃபர்னஸுக்கு இரண்டே ஒயர்கள் செல்லும் எளிய வகையில், தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து கழற்றி அந்த இரண்டு ஒயர்களின் முனைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் ஃபர்னஸ் தன் வரிசையைத் தொடங்க வேண்டும். தொடங்கினால் பிழை தெர்மோஸ்டாட்டில். தொடங்கவில்லை என்றால் ஒயரிலோ ஃபர்னஸிலோ. குளிர்சாதனத்தையும் சூட்டையும் ஒரே திரையில் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுகளில் தொலைபேசிக் கம்பி போன்ற ஒன்றின் வழியாகத் தகவல் குறியீடுகள்தான் செல்கின்றன. அவற்றின் ஒயர்களை இப்படிச் சேர்க்கக் கூடாது.

வீட்டுக்கான தெர்மோஸ்டாட்டை வாங்கிக் கேம்பரில் மாட்டியவர்கள் இந்த அறிகுறியில் அடிக்கடி சிக்குகிறார்கள். வீட்டுக் கருவிகளில் பல 24 வோல்ட் மாறுதிசை மின்சாரத்திலிருந்து தங்களுக்கான சக்தியை எடுத்துக்கொள்ளும்படி அமைந்தவை; கேம்பரின் 12 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் அவை விழித்துக்கொள்ளாது, அல்லது ஒரு நாள் ஒழுங்காகவும் மறுநாள் கோணலாகவும் நடந்துகொள்ளும். தனக்கென்று உள்ளே பேட்டரி வைத்துக்கொண்டு, வெறும் ஸ்விட்சாக மட்டும் இயங்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட்தான் இதற்கு ஏற்றது.

ப்ளோயர் ஓடுகிறது, தீப்பொறி ஒலியே இல்லை

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். விசிறி சுழல்கிறது, அறைக்குள் காற்று வரும் துளைகளில் காற்று வருகிறது, ஆனால் காற்று குளிர்ந்தே இருக்கிறது. ஆகவே வாயு வரவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். உண்மையில் வால்வைத் திறக்கும் கட்டத்துக்கே ஃபர்னஸ் வந்து சேரவில்லை. செயில் ஸ்விட்ச் மூடவில்லை, அல்லது லிமிட் ஸ்விட்ச் திறந்தபடி இருக்கிறது. இவற்றுள் முன்னதுதான் மிகுதி.

செயில் ஸ்விட்ச் மூடாததற்குத் தலையாய காரணம் குறைந்த மின்னழுத்தம். ப்ளோயர் தன் முழு வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கையாவது எட்டினால்தான் அந்தத் தகடு தேவையான தூரம் தள்ளப்படும். பேட்டரி தளர்ந்திருந்தால் ப்ளோயர் சுழலும், ஆனால் அந்த வேகத்தை எட்டாது. வெறும் காதுக்கு இந்த வேறுபாடு எளிதில் தெரியாது. மல்டிமீட்டரின் முனைகளைப் பேட்டரியில் வைப்பதைவிட, ப்ளோயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபர்னஸின் மின் இணைப்பில் வைத்துப் பாருங்கள். 10.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஃபர்னஸைக் குறை சொல்வதில் பொருளில்லை. பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்து, ஃபர்னஸில் 10.8 மட்டும் வந்து சேர்கிறது என்றால், வழியில் எங்கோ தளர்ந்த அல்லது துருப்பிடித்த இணைப்பு ஒன்று மின்னழுத்தத்தை விழுங்குகிறது. வண்டிச் சட்டத்தோடு இணையும் எர்த் ஒயரின் முனையை முதலில் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். வெளி மின்சாரத்தில் வண்டியை இணைத்ததும் ஃபர்னஸ் உயிர் பெற்றுவிட்டால் பேட்டரியைத்தான் கவனிக்க வேண்டும் என்பது அதிலேயே தெளிவாகிவிடும்.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் தீப்பொறி வரவில்லை என்றால் அடுத்தது அழுக்கு. செயில் ஸ்விட்சின் தகடு விரல்நகத்தைவிடச் சற்றே பெரியது. அதன் அடியில் ஒரு நாய்முடிச் சுருளோ பஞ்சுத் தூசோ சிக்கினால் போதும், நடுவழியிலேயே நின்றுவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அதை விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தால் தடையின்றி நகர வேண்டும். நகரும் முனையில் ‘க்ளிக்’ என்ற மெல்லிய ஒலி கேட்க வேண்டும். விசிறிச் சக்கரத்தின் இதழ்களிலும் தூசு அடைந்து கனமாகியிருக்கலாம். காற்று திரும்பும் கிரில்லுக்கு முன்னால் படுக்கை விரிப்போ பையோ இருந்தாலும் இதே விளைவுதான்.

செயில் ஸ்விட்சின் இரண்டு ஒயர்களையும் சேர்த்து முடிச்சிட்டுவிட்டால் ஃபர்னஸ் எரியும் என்று அறிவுரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எரியும்தான். ஆனால் காற்று போதவில்லை என்று கருவி சொல்வதை வாயைப் பொத்தி அடக்கிவிட்டுத் தூங்கப் போவதற்கு அது சமம். அடுத்து வெப்பப் பரிமாற்றி அளவு மீறிச் சூடாகும், லிமிட் ஸ்விட்ச் ஒன்றே மிஞ்சிய காவலாக நிற்கும். பிழை எங்கே என்று அறிய மல்டிமீட்டரால் அந்த ஸ்விட்சின் தொடர்ச்சியைச் சோதித்தாலே போதுமானது.

தீப்பொறி கேட்கிறது, தீ பற்றவில்லை

இப்போதுதான் எரிவாயுவைச் சந்தேகிக்க வேண்டும். சிலிண்டர் மாற்றிய உடனே இந்த அறிகுறி வந்தால் குழாய்க்குள் காற்று நிறைந்திருக்கும். அடுப்பின் ஒரு பர்னரைப் பற்றவைத்துச் சுடர் நிலைத்து எரியும் வரை விட்டுவிட்டு, பிறகு தெர்மோஸ்டாட்டை அணைத்து மீண்டும் போட்டால் ஃபர்னஸ் புதிதாக முயலத் தொடங்கும். சிலிண்டர் வால்வை ஒரேயடியாகத் திறக்காமல் மெதுவாகத் திறப்பதும் முக்கியம். இணைப்பில் உள்ள மிகையோட்டத் தடுப்பான் திடீரெனப் பாயும் வாயுவைக் குழாய் உடைந்ததாக எண்ணிக்கொண்டு ஓட்டத்தைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துவிடும். அந்நிலையில் அடுப்பு எரியும், ஃபர்னஸ் எரியாது.

அடுப்பு எரிவதால் வாயு அழுத்தம் சரியென்று முடிவு கட்டக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பர்னருக்குத் தேவையான வாயுவைப் போலச் சில மடங்கு வாயுவை ஃபர்னஸ் ஒரே நேரத்தில் கேட்கிறது. இரண்டு பர்னர்களை எரியவிட்டு, ஃபர்னஸின் வால்வு திறக்கும் நொடியில் அவற்றின் சுடரைக் கவனியுங்கள்: சுடர் பளிச்சென்று தாழ்ந்து சுருங்கினால் ரெகுலேட்டரோ சிலிண்டரோ தேவையான அளவைத் தரவில்லை. புரொப்பேன் ஃபர்னஸ்களில் பல 11 அங்குல நீர்மட்ட அழுத்தத்துக்கு, அதாவது ஏறத்தாழ 2.7 கிலோபாஸ்கலுக்கு, அமைக்கப்பட்டவை; 3 கிலோபாஸ்கலுக்கு அமைந்த மாடல்களும் உண்டு. இதை மானோமீட்டர் வைத்திருப்பவரிடம் அளக்கச் சொல்லலாம். ரெகுலேட்டர் திருகை ஊகத்தின் பேரில் திருப்பக் கூடாது.

கடுங்குளிரில் வாயுவின் வகையும் தடையாகும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடும். பியூட்டேனோ பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே சென்றாலே திரவமாகவே தங்கிவிடும். ஆகவே பியூட்டேன் கலந்த சிலிண்டர் உறைநிலையில் கையில் கனமாக இருந்தும் ஃபர்னஸுக்கு வாயு தராது. சுத்தமான புரொப்பேனிலும், கால்வாசிக்குக் கீழே இறங்கிய சிறிய சிலிண்டர் மிகுந்த குளிரில் போதிய வேகத்தில் ஆவியாகாது. இரவின் முன்பாதியில் எரிந்த ஃபர்னஸ் விடியற்காலையில் திணறுவதற்கு இது ஒரு காரணம். சிலிண்டரைச் சுடரால் சூடாக்கும் எண்ணமே வேண்டாம். நிறைந்த சிலிண்டருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தால் வெளித்துளையையும் பாருங்கள். மண்கூடு கட்டும் குளவிகளுக்கு அந்தக் குழாய்கள் மிகவும் பிடித்தமானவை. சிலந்திகள் பர்னரின் துளைவாய் வரை சென்று வலை பின்னும். மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துக் கூட்டைக் கவனமாக எடுத்துவிடலாம். பூச்சிக்கு எதிரான வலைகளைத் துளையின் மேல் மாட்டுவதற்கு முன் ஃபர்னஸின் கையேட்டைப் படியுங்கள். காற்றைத் தடுக்கும் என்பதால் சில தயாரிப்பாளர்கள் அவற்றைக் கூடாது என்கிறார்கள்.

தீ பற்றிச் சில விநாடிகளில் அணைகிறது

தீ எரிகிறது என்பதைப் போர்டு கண்ணால் பார்ப்பதில்லை. சுடரின் வழியே செல்லும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கொண்டுதான் அறிகிறது. அந்த மின்னோட்டம் மைக்ரோஆம்பியர் அளவிலானது என்பதால், எலெக்ட்ரோடின் மேல் படிந்த வெண்பூச்சு, ஃபர்னஸ் உடலுக்கும் எர்த்துக்கும் இடையிலான துரு, பீங்கான் உறையில் உள்ள மயிரிழை விரிசல் என எதுவும் அதை மறைத்துவிடும். எலெக்ட்ரோடை மெல்லிய உராய்வுத் தாளால் துடைத்து, அதன் இடைவெளி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்து, எர்த் திருகை இறுக்கினாலே பல ஃபர்னஸ்கள் வழிக்கு வந்துவிடும். காற்று வீசும் இரவுகளில் மட்டும் இப்படி நிகழ்ந்தால் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள். பனிக்குவியலோ தார்ப்பாயோ புகைத்துளையைச் சூழ்ந்திருந்தால் வெளியேறிய புகையே மீண்டும் உள்ளே இழுக்கப்பட்டுத் தீ மூச்சுத் திணறும். கார்பன் மோனாக்சைடு உருவாகவும் அதே வழி என்பதால் அந்தத் தடையை உடனே அகற்ற வேண்டும்.

நன்றாக எரிந்து, கேட்ட சூடு வருமுன்பே அணைந்து, மீண்டும் பற்றுகிறது

ப்ளோயர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, தீ மட்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அணைந்து பற்றினால், லிமிட் ஸ்விட்ச் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். வெப்பப் பரிமாற்றியிலிருந்து சூட்டை எடுத்துச் செல்லப் போதிய காற்று இல்லை. இதற்கு வண்டியின் உரிமையாளரே காரணமாக இருப்பதுதான் வேடிக்கை: பயன்படுத்தாத மூலையில் சூடு வீணாகிறதே என்று அறைக்குள் சூடான காற்று வரும் துளைகளில் இரண்டை மூடிவிட்டால் வாயு மிச்சமாகும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஒவ்வொரு ஃபர்னஸுக்கும் குறைந்தது இத்தனை குழாய்கள், இவ்வளவு திரும்புகாற்றுப் பரப்பு என்று கையேட்டில் கணக்கு உண்டு. அதற்குக் கீழே போனால் வாயு மிச்சமாவதற்குப் பதிலாக, உண்டான வெப்பத்தில் கூடுதல் பங்கு புகைத்துளை வழியாக வெளியேறுகிறது, ப்ளோயரோ பேட்டரியைத் தின்றுகொண்டே சுழல்கிறது.

எல்லாத் துளைகளையும் திறந்துவிட்டுச் சோதியுங்கள். பிறகு தரைவிரிப்பு எதன்மேலாவது படர்ந்திருக்கிறதா, கட்டிலுக்குக் கீழே செல்லும் வளையும் குழாய் பெட்டிகளின் கனத்தில் நசுங்கியிருக்கிறதா, ஃபர்னஸின் பின்புறத்திலிருந்து ஏதேனும் ஒரு குழாய் கழன்று அலமாரிக்குள் சூட்டைக் கொட்டுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு துளையின் முன்னும் கையை நீட்டிப் பார்ப்பதே இதற்குப் போதுமான சோதனை. ஒன்றில் மட்டும் காற்று மிக மெலிந்திருந்தால் அந்தக் குழாயைப் பின்தொடர்ந்து செல்லுங்கள்.

அறை ஒருமுறை வேர்க்கிறது, மறுமுறை நடுங்குகிறது

இது தீயின் பிழையன்று, தெர்மோஸ்டாட்டின் பிழை. நெம்புகோல் தள்ளும் பழைய வகையில், வளையும் உலோகச் சுருள் மெதுவாக எதிர்வினை காட்டுவதால், அணையும் வெப்பநிலைக்கும் மீண்டும் பற்றும் வெப்பநிலைக்கும் இடையே நிறைய வேறுபாடு விழும். அதன் மூடிக்குள் முன்னுணர்த்தி என்ற சிறிய சூடேற்றும் கம்பி ஒன்றும் அதைச் சரிசெய்யும் நகர்முள் ஒன்றும் இருக்கும். அந்த முள்ளை ஒரு திசையில் சிறிது நகர்த்தினால் எரியும் நேரம் நீளும், மறுதிசையில் குறையும். ஒரு டிகிரிக்குள் நிற்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டை மாட்டுவது, என் கருத்தில், ஃபர்னஸ் சார்ந்த செலவுகளிலேயே மிகவும் பயனுள்ளது. ஆனால் அந்த இடைவெளியை அரை டிகிரி என்று மிகக் குறுக்கிவிட்டால், ஃபர்னஸ் முழுச் சூட்டை எட்டும் முன்பே அணைந்து, தொடக்கக் கழுவலிலும் இறுதிக் கழுவலிலும் பேட்டரியை வீணடிக்கும்.

கருவியைவிட அது மாட்டப்பட்ட இடம் முக்கியம். கதவுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் தேவையின்றிச் சூடு கேட்கும். சூடான காற்றுத் துளைக்கு மேலேயோ தொலைக்காட்சிக்கு அருகிலேயோ இருந்தால் படுக்கை குளிர்ந்திருக்கும்போதே போதும் என்று சொல்லிவிடும். வெளிச்சுவரில் மாட்டியிருந்தால் சுவரின் குளிரைத்தான் அது அளக்கும். எளிதில் கண்ணில் படாத இன்னொரு இடம், தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் ஒயர் வரும் துளை: சுவருக்குள் இருக்கும் குளிர்காற்று அதன் வழியே நேராகச் சென்சாரின் மேல் வீசும். மூடியைக் கழற்றி அந்தத் துளையில் சிறிது பட்டி வைத்து அடைத்துவிட்டு, அருகில் ஒரு தனி வெப்பமானியைத் தொங்கவிட்டு இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விரைவாகச் சூடாகட்டும் என்று 28 டிகிரிக்கு ஏற்றிவைப்பதால் பயனில்லை. ஃபர்னஸுக்கு எரிதல், அணைதல் என்ற இரண்டே நிலைகள். எண்ணை ஏற்றினால் அது வேகமாக எரியாது, அணைய மறக்கும். இரவில் நான்கைந்து டிகிரி குறைத்துக்கொண்டு தூங்குவது உண்மையாகவே வாயுவை மிச்சப்படுத்தும். கேம்பரின் சுவர்கள் வெப்பத்தைத் தேக்கி வைக்காததால் காலையில் மீண்டும் சூடேறவும் அதிக நேரம் ஆகாது.

நிற்காமல் எரிகிறது, அறை சூடாவதில்லை

ஃபர்னஸ் ஒழுங்காக எரிந்தும் அறை ஏறவில்லை என்றால், வெப்பம் உண்டாகும் வேகத்திலேயே வெளியேறுகிறது. மணிக்கு 30,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) உள்வாங்கும் ஒரு ஃபர்னஸ் ஏறத்தாழ 8.8 கிலோவாட் வாயுவை எரிக்கிறது. இதில் கால்பங்கு போலப் புகையோடு போய்விட, அறைக்குக் கிடைப்பது ஆறரை கிலோவாட்டைச் சுற்றித்தான். இடைவிடாது எரிந்தால் மணிக்கு 0.63 கிலோ புரொப்பேன் செலவாகும். 9 கிலோ சிலிண்டர் 14 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பாதி நேரம் மட்டும் எரியும்படி வண்டியைக் காப்பிட்டால் அதே சிலிண்டர் இரண்டு மடங்கு நாள் வரும் என்பதால், பெரிய ஃபர்னஸைத் தேடுவதைவிட ஓட்டைகளை அடைப்பதே மலிவு.

கூரைத் துவாரங்களிலிருந்து தொடங்குங்கள். மேலே எழும் சூடு முதலில் அங்குதான் செல்லும். தடித்த நுரைத் திண்டு ஒன்றை அதில் செருகினால் வேறுபாடு அன்றிரவே தெரியும். ஓட்டுநர் பகுதியின் முன்கண்ணாடி அடுத்த பெரிய இழப்பு; அந்தப் பகுதியைக் கனமான திரையால் வாழும் பகுதியிலிருந்து பிரித்துவிடலாம். நிலையான காற்றோட்டத்துக்கென விட்டிருக்கும் சிறு துவாரங்களை மட்டும் எந்நிலையிலும் அடைக்கக் கூடாது. தரைக்குக் கீழே செல்லும் குழாய் ஒன்று கழன்றிருந்தால் நீங்கள் சூடாக்குவது வெட்டவெளியைத்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ப்ளோயர் நிற்பதே இல்லை

தெர்மோஸ்டாட்டின் ஒயர்களில் ஒன்றை மட்டும் கழற்றுங்கள். ஒன்றிரண்டு நிமிடங்களில் ப்ளோயர் நின்றால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ஒயர்கள் எங்கோ ஒன்றோடொன்று தொட்டிருக்கின்றன. நிற்கவில்லை என்றால் ஃபர்னஸில் ப்ளோயரை இயக்கும் மின் ஸ்விட்சான ரிலே ஒட்டிவிட்டது. அதை மாற்ற வேண்டும். மூன்று முறை பற்றத் தவறிப் பூட்டிக்கொண்ட பிறகும் சில மாடல்கள் ப்ளோயரை ஓடவிடும் என்பதால், அதற்கு முன் தீ எரிந்ததா என்பதையும் நினைவுகூர்ந்து பாருங்கள்.

விடியும் முன் பேட்டரி தீர்ந்துவிடுகிறது

இதில் பிழை என்று எதுவும் இல்லாமலே இருக்கலாம். கணக்கு ஒன்றுதான் தேவை. ப்ளோயர் 7 ஆம்பியர் எடுத்து, 10 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 35 ஆம்பியர்-மணி செலவு. 100 ஆம்பியர்-மணி கொண்ட லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம், அதுவும் குளிரில் மேலும் சுருங்கும். விளக்கும் பம்பும் ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் போர்டும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரே பேட்டரியோடு வெளி மின்சாரமில்லாத இடத்தில் தங்குபவருக்கு இரண்டாவது இரவு தாங்காது. ஓய்வில் 12.2 வோல்ட் காட்டும் பேட்டரி பாதி காலியாகிவிட்டது என்று கொள்ளலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுபவர்கள், அது உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதை முன்கூட்டியே திட்டமிட்டு, பேட்டரியை வாழும் பகுதிக்குள் வைப்பது நல்லது.

கண்ணாடியில் நீர் வழிகிறது

ஃபர்னஸ் தன் எரிபுகையை வெளியே தள்ளுவதால் அறையின் ஈரத்துக்கு அது காரணமில்லை. அடுப்பையோ வெளித்துளையில்லாத வாயு ஹீட்டரையோ சூட்டுக்காக எரித்தால் நிலைமை வேறு: ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீர் உண்டாகி முழுவதும் அறைக்குள்ளேயே தங்கும், ஆக்சிஜனும் குறையும். சூட்டுக்காக அடுப்பை எரிக்கவே கூடாது. மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் வரும் ஈரத்துக்கு, கூரைத் துவாரம் ஒன்றையும் எதிர்ப்பக்க ஜன்னல் ஒன்றையும் விரல் நுழையும் அளவு திறந்துவைத்து, ஃபர்னஸை இடையிடையே ஓடவிடுவதே தீர்வு. சற்று வாயு கூடுதலாகச் செலவானாலும் சுவரினுள் பூஞ்சை பிடிப்பதைவிட அது மேல்.

அறை கதகதப்பாக இருக்கிறது, தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது

வெளி மின்சாரம் கிடைக்கும் இடத்தில் 1500 வாட் மின் ஹீட்டரை வைத்து வாயுவை மிச்சப்படுத்துபவர்களுக்கு வரும் தொல்லை இது. பல கேம்பர்களில் ஃபர்னஸின் குழாய்களில் ஒன்று தரைக்கு அடியில் உள்ள தொட்டிகளுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் சூடான காற்றை அனுப்புகிறது. மின் ஹீட்டர் அறையைச் சூடாக்கியதும் தெர்மோஸ்டாட் மனநிறைவடைந்து ஃபர்னஸை எழுப்புவதே இல்லை. அடியில் இருப்பவை குளிரில் கைவிடப்படுகின்றன. உறைநிலை இரவுகளில் மின் ஹீட்டரைக் குறைந்த நிலையில் வைத்து, தெர்மோஸ்டாட்டில் அதைவிடக் கூடுதல் வெப்பநிலையை அமைத்து, மணிக்கு ஒன்றிரண்டு முறையாவது ஃபர்னஸ் ஓடும்படி செய்ய வேண்டும். உங்கள் வண்டியில் அப்படியொரு குழாய் இருக்கிறதா என்பதைக் கையேட்டில் பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் தொட்டிக்கு அருகே ஒரு வெப்பமானியின் சென்சாரை வைத்து ஃபர்னஸை 20 நிமிடம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இல்லாத வண்டிகளில் சமையல் சிங்க்கின் கீழ் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, தொட்டிகளுக்கு 12 வோல்ட் சூடேற்றும் விரிப்பைத் தனியாக ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.